தண்ணீர் கேட்ட குரல்

என் பெயரும் வீட்டு எண்ணும் புகார் மனுவில் சரியாகத்தான் இருக்கின்றன. வயது மட்டும் தப்பு. நாற்பத்தொன்பது இல்லை, நாற்பத்து நாலு. அதை முதலில் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மணமாகவில்லை. தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் தம்பி வீட்டில் மாடிப்படியை ஒட்டிய அறையில் வசித்து வருகிறேன். பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் சலவை நிலையத்தில் இரண்டு வருடம் நான்கு மாதமாக மடிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றை மடித்துக் கட்டாகக் கட்டுவது என் வேலை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆய்வாளர் அம்மா கேட்க, நான் சொல்ல, காவல் நிலைய எழுத்தர் எழுதுகிறார்.

எனக்குப் பதினேழு வருடமாக மனநோய் இருக்கிறது. காதில் குரல் கேட்கும். புகார் கொடுத்தவர் இதை ஏதோ துப்புத் துலக்கிக் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறார். சலவை நிலையத்தில் வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. மாத்திரையால் குரல் குறையும், அடியோடு நிற்காது. யாருடைய குரலை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வரும். ஒரு சமயம் என் தம்பி குரலிலேயே வந்து, அவனோடு நான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அவன் பாவம், எதற்கென்றே தெரியாமல் விழித்தான். எந்தக் குரலில் வந்தாலும் அதிகாரம்தான் செய்யும். எழுந்திரு, வெளியே போ, நீ எதற்கும் லாயக்கில்லை என்று திருப்பித் திருப்பிச் சொல்லும். மறுவாழ்வு மையத்து ஆலோசகர் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று உண்டு. குரல் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அது என்னுடைய குரல். அதற்குப் பதில் சொல்லாமல், கையில் இருக்கும் வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும்.

இதற்கு முன்பு மையத்தின் மூலமாகவே ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தேன். மூன்றாவது நாள் என் நோய் பற்றி அங்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. என் மேசையில் இருந்த கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மேற்பார்வையாளர் அறையில் வைத்தார்கள். நாடா வெட்ட வேண்டும் என்றால் நான் எழுந்து போய்க் கேட்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருக்கும். பத்தொன்பது நாள் தாக்குப்பிடித்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாத்திரை அங்கேயும் இதே மாத்திரைதான், அளவும் இதே அளவுதான் என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுத்தர் இது வழக்குக்குத் தேவையா என்று கேட்டார். தேவை என்று சொன்னேன்.

அதன் பிறகு இந்தச் சலவை நிலையத்துக்கு வந்தேன். முதல் நாள் மடிப்புப் பிரிவின் பொறுப்பாளர், அவரை எல்லோரும் பெரியக்கா என்போம், விரிப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, "உனக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். நான் சொன்னேன். மூஞ்சி மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. "எனக்குச் சக்கரை. நான் திடீர்னு தள்ளாடினா இந்த டிராயர்ல மிட்டாய் இருக்கு, எடுத்து என் வாயில போடணும். உனக்கு வந்தா நான் என்ன பண்ணணும்?" என்றார். இந்தக் கேள்வியை அதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்டதில்லை, என்னைப் பெற்றவர்கள் உட்பட. மறுநாள் யோசித்து வந்து, என்னைப் பின்னால் இருந்து கூப்பிட வேண்டாம், முன்னால் வந்து நின்று பேசினால் போதும் என்று சொன்னேன். அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அந்த இடத்தில் என்னை ஒருவரும் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டதில்லை. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துதான் பேசுவார்கள். முதலாளிகூட அப்படித்தான். துணி உலர்த்தும் டிரையர் எந்திரங்களைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் மெஷின் அண்ணன் என்போம். அவருக்குத் தொண்டை பெரிது, மெதுவாகப் பேச வராது. அவர் மட்டும் முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "தங்கச்சி, நான் நிஜம்தான், வேணும்னா கிள்ளிப் பாத்துக்க" என்பார். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது தடவை நிஜமாகவே கிள்ளிவிட்டேன். அதன் பிறகு நாங்கள் ராசியாகிவிட்டோம். என்னால் அங்கே இரண்டு வருடம் நான்கு மாதம் வேலை செய்ய முடிந்ததற்கு இவர்கள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. என் மதிய மாத்திரையைப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டோடு போட வேண்டும். மற்றவர்களுக்குச் சாப்பாட்டு மணி பன்னிரண்டரை. ஆகையால் நான் முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது வேலையில் இருக்கலாம் என்று முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். அந்த அரைமணி நேரம் மடிப்புப் பிரிவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் எந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் நடைபாதையில் தள்ளுவண்டி எதுவும் நிற்கக் கூடாது, பின்சுவரோரமாக நிறுத்த வேண்டும் என்பது அங்கே விதி. அதன்படி ஈர விரிப்பு ஏற்றிய நான்கு வண்டிகளையும் நான் பின்சுவரோரம் தள்ளி நிறுத்தி, நாலாவது வண்டிக்கும் காலால் பிரேக் போட்டேன். அந்தச் சுவரில் ஒரு கதவு உண்டு. டிரையர்களின் பின்புறத்துக்குப் போகும் சின்ன அறை அது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி முழுவதும் அங்கேதான் வந்து சேரும். எந்திரம் நிற்கும்போதுதான் அதைக் கூட்டி எடுக்க முடியும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். நாலாவது வண்டி அந்தக் கதவை மறித்து நின்றது. உள்ளே ஆள் இருந்தால் கைப்பிடியில் சிவப்புப் பலகை தொங்க வேண்டும். அன்றைக்குப் பலகை தொங்கவில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் கைப்பிடியைப் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை இருந்தது என்றோ இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். மெஷின் அண்ணன் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. வண்டியை அங்கே நிறுத்தியது நான்தான்.

அதன் பிறகு என் மேசைக்கு வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, தலையணை உறைகளைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டத் தொடங்கினேன். வாய்விட்டு எண்ணுவது என் வழக்கம். மூன்று கட்டு முடித்திருப்பேன். பின்னால் இருந்து, "யாரு வெளியில? கதவைத் திறங்க" என்று ஆண் குரல் கேட்டது. பக்கத்தில் முகம் பார்க்க யாரும் இல்லை. பின்னால் இருந்து கூப்பிடுகிறவர் அந்த இடத்தில் யாரும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அப்படிச் செய்ததில்லை. ஆகவே அது என்னுடைய குரல்தான் என்று முடிவு செய்து, சொல்லிக்கொடுத்தபடி வேலையைத் தொடர்ந்தேன். அதன் பிறகு, "தங்கச்சி, எண்ணுறது நீதானே, அந்த வண்டியை நகர்த்து" என்று கேட்டது. மெஷின் அண்ணன் குரலையும் எடுத்துக்கொண்டதா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்னும் சத்தமாக எண்ணினேன். அதன் பிறகு அந்தக் குரல் என்னைத் திட்டியது. செவிடி, மூதேவி என்றெல்லாம் திட்டியது. திட்டத் தொடங்கியதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. அது என் குரல்கள் வழக்கமாகப் பேசும் பேச்சு.

அதன் பிறகு அதே குரல், பாதிகூட இல்லாத சத்தத்தில், "அம்மா, கொஞ்சம் தண்ணி இருந்தா குடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றது.

என் கை நின்றுவிட்டது. பதினேழு வருடத்தில் என் குரல்கள் என்னிடம் ஒரு தடவைகூடத் தண்ணீர் கேட்டதில்லை. புண்ணியம் என்ற சொல்லே அவற்றுக்குத் தெரியாது. நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். நிஜமாக இருந்தால் ஒரு ஆள் உள்ளே கிடக்கிறார். நிஜமாக இல்லாவிட்டால் நான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலைமைக்கு வந்துவிட்டேன். வண்டியைத் தனியாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிரேக் போட்டது நானே என்பதுகூட அந்தப் பதற்றத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. சாப்பாட்டு அறைக்கு ஓடினேன்.

அங்கே பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெரியக்கா முன்னால் போய் நின்று, "அக்கா, பின்கதவுக்குள்ள ஒரு குரல் கேக்குது" என்றேன். இந்த வாக்கியத்தை நான் வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னால் தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்வாள். தம்பி வந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பான். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கும் அலுத்துவிட்டது. பெரியக்கா என்னை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் குரல் என்று கேட்கவில்லை. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினார். சக்கரைக்காரர், கால் வீங்கியிருக்கும், ஓடவே கூடாதவர், எனக்கு முன்னால் ஓடினார். அதை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். இது வழக்குக்குத் தேவையா என்று எழுத்தர் இந்த முறை கேட்கவில்லை.

பெரியக்காதான் குனிந்து பிரேக்கை எடுத்தார். இருவரும் வண்டியை இழுத்துக் கதவைத் திறந்தோம். மெஷின் அண்ணன் தரையில் சாய்ந்து கிடந்தார். வியர்வையில் பஞ்சு ஒட்டி முகம், கை எல்லாம் வெளுத்திருந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. நீராவிக் குழாய் என்று தெரியாமல் இருட்டில் பிடித்ததில் வலது உள்ளங்கை வெந்திருந்தது. பெரியக்கா அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். நான் தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அதன் பிறகு முதலாளி தன் காரிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதெல்லாம் நடந்தபோது மணி ஒன்றுகூட ஆகவில்லை.

மறுநாள் மெஷின் அண்ணனின் மச்சான் புகார் கொடுத்தார். மனநிலை சரியில்லாத நான் வேண்டுமென்றே அவரை அடைத்துவைத்தேன் என்றும், எங்கள் மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்யும், என்னையும் சேர்த்து ஐந்து பேரையும் உடனே நீக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். போலீஸ் விசாரணை முடிந்த பிறகு முடிவு சொல்வதாக முதலாளி ஆலோசகர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதில் தப்பு இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்ல முடியும்.

நேற்று பெரியக்கா மெஷின் அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். குரல் கேட்டும் நான் எண்ணிக்கொண்டு நின்றதை அவரிடம் மட்டும் முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர், "இங்க பாரு, அவரு, 'நான் ரொம்ப நேரம் கூப்பிட்டேன், வெளியில யாரோ எண்ணுற சத்தம் கேட்டுது'ன்னே சொல்லிட்டிருக்காரு. டாக்டர், சூட்டுல அப்படித் தோணும், அதெல்லாம் பிரமைன்னுட்டாரு. அவரு வீட்டம்மாவும் நம்பலை. நீ வாயைத் திறக்காதே. வண்டி தெரியாம நின்னுச்சு, கேட்ட உடனே ஓடி வந்தேன்னு மட்டும் சொல்லு. அஞ்சு பேர் பொழப்பு" என்றார். எனக்காகத்தான் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்காதது இது ஒன்றுதான். இதற்காக அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரமை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். அதை ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதன் பிறகு அவர் என்ன சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். மெஷின் அண்ணன் கட்டிலில் கிடந்துகொண்டு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னது நிஜம் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. அதை வைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு நல்ல பெயர் வாங்கினால், அந்த இடத்தில் எல்லோரும் எனக்குச் செய்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

ஆகவே என் சொந்த விருப்பத்தில் சொல்கிறேன். மெஷின் அண்ணன் கூப்பிட்டது நிஜம். எண்ணிக்கொண்டிருந்தது நான். முதல் தடவை கூப்பிட்டதிலிருந்து நான் திரும்பிப் பார்த்தது வரைக்கும் பதினோரு கட்டு கட்டியிருந்தேன். ஒரு கட்டுக்கு முக்கால் நிமிடம் ஆகும். எழுத்தர் பெருக்கிப் பார்த்து எட்டு நிமிடத்துக்கு மேல் வருகிறது என்றார். அந்த எட்டு நிமிடமும் அவர் குரல் என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் போகவில்லை. அவர் கை வெந்தது அந்த நேரத்துக்குள்ளாகத்தான் இருக்க வேண்டும்.

ஆய்வாளர் அம்மா, "இதைப் பாத்தவங்க யாரும் இல்லை. நீங்களா சொல்றீங்க. கேஸ் உங்க பக்கமே திரும்பலாம், தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். இப்படிச் சொல்லும்படி யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றுதான் கட்டாயப்படுத்தினார்கள் என்றேன். ஆய்வாளர் அம்மா தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். இது என் தப்பு, மற்ற நாலு பேருக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவர்களில் ஒருவர் அன்றைக்கு விடுப்பு. மற்ற மூவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை நீக்கினாலும் அவர்களை வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவருக்கு இதுதான் முதல் வேலை.

இந்த இடம் வரைக்கும் எழுதி முடித்தபோது, அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த மெஷின் அண்ணனின் மச்சானை ஆய்வாளர் அம்மா உள்ளே கூப்பிட்டு, கடைசி இரண்டு பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் முழுவதும் கேட்டார். அதன் பிறகு வெளியே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்து, ஆய்வாளர் அம்மாவிடம் அனுமதி கேட்டு, போனை என் முன்னால் மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். நடந்த பேச்சை அப்படியே எழுதும்படி ஆய்வாளர் அம்மா சொன்னதால் எழுதப்படுகிறது.

மெஷின் அண்ணன், "தங்கச்சி, நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?" என்றார். "கேட்டுச்சு அண்ணே. எல்லாமே கேட்டுச்சு" என்றேன். "எண்ணிட்டிருந்தியா?" "எண்ணிட்டுத்தான் இருந்தேன். என்னோட குரல்னு நினைச்சுட்டேன். மன்னிச்சிடுங்க." அவர், "அப்பாடா. மூணு நாளா எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பயந்து செத்தேன்" என்றார். "அவ்வளவு சுலபமா எல்லாம் பிடிக்காது அண்ணே" என்றேன். அவர் சிரித்தார். சிரித்ததும் கை வலிக்கிறது என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை, நான் அழுதுவிட்டேன். புகார் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவருடைய வாக்குமூலத்தைத் தனியாகப் பதிவு செய்வதாக ஆய்வாளர் அம்மா கூறினார்.

மேலே உள்ளது எல்லாம் நான் சொன்னது. எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் "நோயாளி" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு "மடிப்புப் பிரிவுத் தொழிலாளி" என்று எழுதச் சொன்னேன், எழுத்தர் மாற்றிக்கொண்டார். மற்றபடி கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, எல்லாம் உண்மை. எனக்கு வேலை உண்டா இல்லையா என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லும் வரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. ஆகையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்றைக்கு மட்டும் மாற்றிக்கொண்ட இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறேன்.

(ஒப்பம்)
மடிப்புப் பிரிவுத் தொழிலாளி

என் முன்னிலையில்,
ஆய்வாளர்
பகல் 1.20 மணி